நட்சத்திரம் கட்டாத வீடு

இந்தக் கதையை முடித்ததும் உங்களிடம் ஒன்று கேட்பேன். கதை நடந்தபோது எனக்கு இருபது வயது கூட ஆகவில்லை. இப்போது ஐம்பத்தைந்து. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

எங்கள் ஊர் இரட்சணியபுரம். தேரிச் செம்மணலும் பனைமரமும் நடுவில் ஒரு கிறிஸ்தவக் கோயிலும். டிசம்பர் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு மூங்கில் குச்சியில் வண்ணக் காகிதம் ஒட்டிய நட்சத்திரம் தொங்கும். தெருவெங்கும் அச்சுமுறுக்கு வேகும் வாசனை. பொழுது சாய்ந்ததும் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு பஜனைக் குழு கிளம்பும். நட்சத்திரம் தொங்கும் வீட்டு வாசலில் நின்று பாடும்.

ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். பஜனையும் அந்த வாசலில் நிற்காது.

அப்படி ஒரு வீடாகிப் போனது ரூபாவதி டீச்சர் வீடு. கணவர் முன்பே தவறிவிட்டார். ஒரே மகன் பொன்சிங், எங்கள் குழுவில் டோலக் அடித்தவன். ஆவணியில் வந்த காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு டீச்சர் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, கோயிலுக்கும் வரவில்லை. குருவானவர் போய்க் கூப்பிட்டபோதும் ஜன்னல் வழியாகவே, "இன்னொரு நாள் பார்க்கலாம் ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்படியே அடைந்து கிடந்தால் இந்த அம்மாவும் நமக்கு இல்லை என்று ஊரே பயந்தது.

பக்கத்து வீட்டுக் கிரேஸ் பாக்கியம் அக்கா அந்த வருஷம் தன் வீட்டிலும் நட்சத்திரம் கட்டவில்லை. முறுக்கும் சுடவில்லை. "எண்ணெய் வாசனை சுவர் ஏறிப் போகும். அந்த மனசு என்ன பாடுபடும்?" என்றாள். அவள் பிள்ளைகள் டிசம்பர் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தன. அக்கா அசையவில்லை.

பஜனைக்குத் தலைவர் அருமைநாயகம் அண்ணன். கழுத்தில் ஆர்மோனியத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் நடப்பார். கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "டீச்சர் தெரு திரும்புனதும் ஒருத்தன் வாய் திறக்கக் கூடாது. விளக்கையும் தணிச்சிருங்க." சொன்னபடியே தெரு திரும்பியதும் நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஆஸ்டின் வரிசையை விட்டு விலகினான். மெக்கானிக் வேலை, வாய்த் துடுக்கு. அதுவரை நின்ற வாசல்களில் எல்லாம் டோலக் இல்லாமல் கைதட்டிக்கொண்டு பாடினோம். பாட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. அவனுக்கு அது பொறுக்கவில்லை. நேரே போய் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"ஏலே, வாடே இங்க!" என்று அண்ணன் பல்லைக் கடித்தார்.

கதவு திறந்தது.

"டீச்சர், பொன்சிங்கோட டோலக் வேணும். பாட்டு உருப்படல."

டீச்சர் கதவை அகலத் திறந்தார்கள். "செருப்பை வெளிய போட்டுட்டு உள்ள வா" என்றார்கள்.

டோலக்கோடு வெளியே வந்தவன் எங்களைப் பார்த்து, "ஓலை கொளுத்துங்கல, காய்ச்சணும்" என்றான். ஐப்பசி, கார்த்திகை மழையீரத்தில் தோல் தளர்ந்து போகும். பொன்சிங் இருந்தபோதே தீயில் காட்டாமல் அடிக்க முடியாது. ஆஸ்டின் சும்மா ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். கணீரென்று பேசியது. யாரும் ஓலை தேடவில்லை.

பாடினோம். டீச்சர் வாசல்படியில் நின்றார்கள். முதல் சரணம் முடியுமுன் கையை நீட்டி ஆஸ்டினின் டோலக்கை நிறுத்தினார்கள். "ஏன்டே இப்படி ஓடுத? யாராவது விரட்டுதாங்களா? நிதானமா அடி." மறுபடி முதலிலிருந்து பாடினோம்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் டீச்சர் தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் சண்டை.

"அவங்க மனசு நோகக் கூடாதுன்னு ஒரு தெருவையே ஊமையாக்கி நடந்தேன். நீ போய்த் தட்டுத. உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கால?" என்றார் அண்ணன்.

"என் பிள்ளைங்க வாயைக் கட்டுனேன். துக்கத்தைப் பங்குபோடத்தானே நமக்கு வேதத்துல சொல்லியிருக்கு?" என்றாள் அக்கா.

ஆஸ்டின் தலையைச் சொறிந்தான். "எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே. நீங்க பாடுனது ஒப்பாரி மாதிரி இருந்துச்சு. டோலக் வேணும்னு தோணுச்சு. கேட்டேன்."

ஒருவர் துக்கத்துக்கு மரியாதை செய்தார். ஒருத்தி துக்கத்தில் பங்கெடுத்தாள். ஒருவன் துக்கத்தை நினைக்கவே இல்லை; தன் தேவைக்குத் தட்டினான். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

எனக்குத் தெரிந்த பதில் இது. மழைக்காலம் முழுக்க அந்த டோலக்கை யாரோ வெயில் கண்ட நேரமெல்லாம் காயவைத்து எடுத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் டீச்சரைத் தவிர ஆள் இல்லை. யாராவது வந்து கேட்பார்கள் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அண்ணனும் அக்காவும் டீச்சருக்கு அன்பைக் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு டீச்சரிடமும் ஏதாவது இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆஸ்டின்தான் கேட்டான். ஆகவே அவன் செய்ததே சரி. ஆனால் அன்பே இல்லாமல் செய்த ஒன்று எப்படி அன்பாகிப் போனது? இன்னும் என்னை விடாதது அந்தக் கேள்விதான். இப்போது எங்கள் குழுவில் கீபோர்டே தாளமும் போட்டுவிடுகிறது. யார் வீட்டிலும் போய் எதையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.