முடியாத வரி

"தராசு என்னோட பேச மாட்டேங்குது, டீச்சர்."

ஏகாம்பரம் கம்ப்யூட்டர் வகுப்பின் வாசலில் நின்றபடியே சொன்னார். உரக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் கற்று, இப்போது எடை பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் வழியாக 'ரீட்' என்ற கட்டளை போனால், தராசு எடையை எழுதி அனுப்ப வேண்டும். மாலை முதலாளி வரும்போது அனுப்பாவிட்டால் மறுபடி மூட்டைதான்.

டீச்சர் மங்கையர்க்கரசி அவரைவிட இளையவர். அறுந்த ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அனுப்பினீங்க, அண்ணே?"

"ரீட்."

"அப்புறம்?"

"மறுபடி ரீட். அப்புறமும் ரீட். வாயால கூப்பிட்டிருந்தா தொண்டை கட்டியிருக்கும்."

"ஒயர் சரியா?"

"ஒயரெல்லாம் சரி. அதுக்குத்தான் திமிர்."

டீச்சர் நிமிரவில்லை.

"அண்ணே, அந்த மேசை மேல இருக்கிற டம்ளரை..."

அவ்வளவுதான். ஈயத்தைப் பார்க்கக் குனிந்துவிட்டார்.

ஏகாம்பரத்தின் கை பாதி நீண்டு நின்றது. எடுப்பதா, கழுவுவதா, நகர்த்துவதா?

"டம்ளரை?"

"அண்ணே, அந்த மேசை மேல இருக்கிற டம்ளரை..."

"அதான், என்ன பண்ணணும்?"

"அண்ணே, அந்த மேசை மேல இருக்கிற டம்ளரை..."

"டீச்சர், என் பொழைப்பே போகப் போகுது, விளையாடறீங்களே! நீங்க முழுசா சொல்லி முடிச்சாத்தானே நான் செய்ய முடியும்? எனக்கென்ன காது கேக்கலையா? திமிரா?"

சொன்னவர் வாயை மூட மறந்து நின்றார்.

பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

கிடங்கில், கட்டளை எழுதும் பெட்டிக்குக் கீழே 'வரி முடிவு' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. கட்டளை முடிந்தது என்று தராசுக்குச் சொல்லும் கட்டம்; இத்தனை நாள் அவர் கண்ணில் படவில்லை. அதில் டிக் போட்டார். ரீட் என்று அனுப்பினார்.

தராசு உடனே பதில் எழுதியது: தெரியாத கட்டளை.

ஏகாம்பரம் போனை எடுத்தார்.

"டீச்சர், திட்டுது!"

"திட்டாதா? காலையிலேருந்து நீங்க அனுப்பினதெல்லாம் சேர்ந்து ரீட்ரீட்ரீட்னு ஒரே வார்த்தையா போய் விழுந்திருக்கும். கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு, பாவம். இப்ப ஒரே ஒரு தடவை."

ஒரே ஒரு தடவை அனுப்பினார்.

திரையில் எண் வந்தது. தட்டில் கிடந்த மூட்டையின் எடை, கிராம் வரைக்கும்.

வெளியே முதலாளியின் கார் ஹாரன் அடித்தது. ஏகாம்பரம் எழுந்திருக்கவில்லை. போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"டீச்சர், அந்த மேசை மேல இருக்கிற டம்ளரை..."

மறுமுனை பேசாமல் காத்திருந்தது.

"...நானே வந்து கழுவி வைக்கிறேன்."