ஆவுடையம்மா ரோஜாவைக் கொன்னது யாரு

வாசப்பக்கம் போகாத, சொல்லிட்டேன். வெயிலு என்னா கொளுத்து கொளுத்துது பாரு. நாலு மணி வரைக்கும் பிள்ளையத் தூங்க வைக்கணும்னு உங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்கா. வா, அத்தை மடியில தலைய வை. கதை சொல்றேன், ஆனா நீ "ம்" கொட்டணும். கொட்டலன்னா நிறுத்திருவேன். சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு ரோஜாக்கிறுக்கி இருந்தா. பேரு ஆவுடையம்மா. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குற வேலை. வேலை முடிஞ்சு வந்தா சோறு தண்ணிகூட வேண்டாம், நேரா செடிகிட்டதான் போவா. வாசல்ல வரிசையா இருபத்தொரு தொட்டி. இருபத்தொண்ணும் ரோஜா. சிவப்பு, மஞ்சள், ரோஸு, அப்புறம் ஒண்ணு இருந்துச்சு பாரு, காலையில வெள்ளையா விரியும், சாயங்காலம் ஓரமெல்லாம் செவந்துபோகும். புருஷன் தவறிட்டாரு, மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. அந்த வீட்ல அவளுக்குப் பேச்சுத்துணை அந்தச் செடிங்கதான். "ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? தண்ணி பத்தலயா?"ன்னு ஒவ்வொண்ணையும் கேப்பா.

செடி பேசுமா அத்தை?

பேசாது. அவ பேசுவா.

அவ வீட்டுக்கு எதிர்த்தாப்ல ஒரு சலூன். சித்திரவேலு அண்ணாச்சி கடை. ரெண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, உக்கார ஒரு பெஞ்சு. ஞாயித்துக்கிழமையானா பெஞ்சு பத்தாம ஆளுங்க தெருவுல நிப்பாங்க.

ஒருநாள் காலையில அண்ணாச்சி கடை திறக்க வந்தவரு, ரோட்டைத் தாண்டி ஆவுடையம்மா வாசல்ல வந்து நின்னுட்டாரு. அன்னைக்கு அந்த நெறம் மாறுற ரோஜா தட்டு அகலத்துக்குப் பூத்திருக்கு. "யப்பா! மதினி, என் ஆயுசுல இப்பிடி ஒரு பூவைப் பாத்ததில்ல"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. போயிட்டாரு.

மறுவாரம் ஆவுடையம்மா தண்ணி ஊத்த வர்றா. அந்தச் செடி இருக்கே, அதோட நுனிக் குச்சி கன்னங்கரேல்னு இருக்கு! தீக்குச்சி எரிஞ்சு அணைஞ்சா எப்பிடியிருக்கும், அப்பிடி. இலையெல்லாம் பொலபொலன்னு தொட்டிக்குள்ள உதிந்து கிடக்கு. உடனே ஆணியில மாட்டியிருந்த கத்தரிய எடுத்தா. கருகின குச்சிய நறுக்! வெட்டிப் போட்டா. கையோட, மத்த செடியிலயும் வாடின பூ இருந்துச்சா, அதையும் வரிசையா நறுக், நறுக், நறுக்.

ம்.

அப்புறம் நாலு நாள் கழிச்சுப் பாத்தா, பக்கத்துத் தொட்டியில கருப்பு. அதுக்கும் பக்கத்துல கருப்பு. நுனியில பிடிச்சது மளமளன்னு கீழ இறங்குது. பக்கத்து வீட்டு பேச்சியம்மா எட்டிப் பாத்தவ, கன்னத்துல கை வச்சுக்கிட்டா. "ஏ ஆத்தா! இது நோயில்ல. யாரோ கண்ணு வச்சிருக்காங்க. யாராச்சும் வந்து பூவைப் பாத்து வாய் விட்டாங்களா?"

ஆவுடையம்மாவுக்கு அண்ணாச்சி வந்து நின்னது ஞாபகம் வந்துருச்சு.

அப்போ என்ன பண்ணா தெரியுமா? முதல்ல கண்ணு கழிக்கணும்னு பூசணிக்கா வாங்கிட்டு வந்தா. தெரு நடுவுல நின்னு சுத்தி, மடார்னு உடைச்சா. உடைச்சிட்டுச் சும்மா உள்ள போயிருக்கலாம்ல? போகல. சலூன் பக்கம் திரும்பி, தெருவே கேக்குற மாதிரி கத்துனா. "இந்தாளு கண்ணு பட்டுத்தான் என் செடி கரிஞ்சுது! இவரு பாத்தா பச்சை மரமும் பட்டுப்போகும்!"

அண்ணாச்சி ஒருத்தருக்கு முடி வெட்டிட்டு இருந்தாரு. சீப்பு ஒரு கையில, கத்தரி ஒரு கையில. அப்பிடியே நின்னுட்டாரு. நாற்காலியில இருந்த ஆளுகூடக் கண்ணாடியில அவரு மூஞ்சியப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

பாவம்.

பாவந்தான். கேளு.

பூசணிக்கா உடைச்சும் கருப்பு நிக்கல. கருகினதை மறுபடி நறுக் நறுக்குனு வெட்டுனா. அப்புறம் ரெண்டாவதா, பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னாங்கன்னு வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணி, ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் சோப்பு, நல்லா கலக்கி, புஸ்ஸு புஸ்ஸுனு இலைக்கு மேலயும் அடியிலயும் அடிச்சா. மொட்டுல ஒட்டிக்கிட்டிருந்த அசுவினிப் பூச்சியெல்லாம் செத்துப் போச்சு. நல்ல மருந்துதான் அது. ஆனா கருப்புக்கு அது மருந்தில்லயே! கருப்பு பாட்டுக்கு இறங்குது. மறுபடியும் கத்தரி. நறுக், நறுக்.

மூணாவதா என்ன பண்ணா, உரக்கடையில போயி இருக்கிறதுலயே கடுமையான விஷத்தைக் கேட்டு வாங்கிட்டு வந்தா. டப்பாவுல ஒரு மூடி ஊத்துன்னு போட்டிருந்துச்சு. இவ மூணு மூடி ஊத்துனா. கோவம் பாத்துக்கோ. செடி மேல கோவமா, அண்ணாச்சி மேல கோவமா, அவளுக்கே தெரியாது. காலங்காத்தால பூவுக்கு மேலயே அடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டா.

மத்தியானம் வந்து கேட்டைத் திறக்குறா, காலுக்கடியில நொறுக், நொறுக். என்னடான்னு குனிஞ்சு பாத்தா... ஐயோ! வாசப்படி பூரா தேனீ. செத்துக் கிடக்கு. ஒண்ணு ரெண்டு உயிரோட மல்லாந்து கிடந்து விர்ர், விர்ர்னு ஒரே இடத்துல சுத்துது. இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்குது. ஆவுடையம்மா கைய வாயில பொத்திக்கிட்டா. அவளுக்கு அழுகைகூட வரல. தொடப்பத்தை எடுத்து அந்தத் தேனீயெல்லாம் கூட்டி அள்ளுனா.

ம்...

கண்ணு சொருகுதா? இன்னும் கொஞ்சந்தான்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. இருபத்தொண்ணுல பத்துத் தொட்டி பட்டுப்போச்சு. மிச்சம் இருக்கிறதையாச்சும் காப்பாத்தணுமேன்னு கத்தரிய எடுத்துக்கிட்டு உக்காந்தா. கருகின செடியில நறுக். அடுத்த செடியில நறுக். எதிர்த்தாப்ல அண்ணாச்சி கடைக்குள்ள தனியா நின்னு பிளேடு மாத்திட்டு இருந்தவரு, எதேச்சையா இந்தப் பக்கம் பாத்தாரு. பாத்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு! பிளேடைக் கீழ போட்டாரு, துண்டைக் கீழ போட்டாரு, ரோட்டுல வண்டி வருதான்னுகூடப் பாக்காம ஓடி வர்றாரு. "மதினி! நிறுத்துங்க! வெட்டாதீங்க! நிறுத்துங்க!"

ஆவுடையம்மாவுக்கு ஆங்காரம் வந்துருச்சு. "இன்னும் என்ன பாக்கி இருக்குன்னு வந்தீங்க?"

"என்னை அப்புறம் வையிங்க. அந்தக் கத்தரியக் காட்டுங்க."

பிடுங்காத குறையா வாங்கிப் பாத்தாரு. ரெண்டு அலகும் சேருற இடத்துல கருப்பா, பிசுபிசுன்னு பிசின் மாதிரி அப்பியிருக்கு. "இதைக் கழுவுனதே இல்லையா?"

"கத்தரிய எதுக்குக் கழுவணும்? அது என்ன சோத்துப் பாத்திரமா?"

அண்ணாச்சி தலையில கை வச்சுக்கிட்டாரு. "மதினி, ஒருத்தர் மூஞ்சியில வச்ச பிளேடை நான் இன்னொருத்தர் மூஞ்சியில வைப்பேனா? வச்சா அவருக்கு இருக்கிற சொறி இவருக்கு வராதா? சீக்குச் செடிய வெட்டின கையோட நல்ல செடிய வெட்டுறீங்களே!"

அவ நம்பல. முறைச்சுக்கிட்டே நிக்கிறா. அப்போ அவரு கேட்டாரு, "இந்தக் கத்தரி படாத ரோஜா ஏதாச்சும் உங்க வீட்ல இருக்கா?"

யோசிச்சா. பின்னாடி தண்ணித் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு பழைய பன்னீர் ரோஜா தரையில நின்னுச்சு. இண்டு இடுக்கு, கை நுழையாது. அதனால பல மாசமா அந்தப் பக்கமே போகல. ரெண்டு பேரும் போயி எட்டிப் பாத்தாங்க.

பாத்தா?

தளதளன்னு நிக்கிது! செக்கச்செவேல்னு தளிரு. கொத்துக்கொத்தா மொட்டு. ஒரு பொட்டுக் கருப்பு இல்ல.

ஆவுடையம்மா அப்பிடியே ஈரத்தரையில உக்காந்துட்டா. கத்தரியப் பாக்குறா, தன் கையைப் பாக்குறா. "நானா? என் கையாலயா?"ன்னு கேட்டா. "ஒவ்வொரு நாளும் காப்பாத்துறேன்னு நெனச்சுத்தானே வெட்டுனேன்"ன்னா. அப்புறந்தான் வாய் விட்டு அழுதா பாரு. புருஷன் செத்தன்னைக்குக்கூட அவ அப்பிடி அழலன்னு பேச்சியம்மா பின்னால சொன்னா.

அழட்டும்னு கொஞ்ச நேரம் விட்டுட்டு, அண்ணாச்சி கடைக்குப் போயி ஒரு கிண்ணத்துல ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டாந்தாரு. கத்தரியச் சுடுதண்ணியில போட்டுத் தேச்சுக் கழுவுனாங்க. அப்புறம் ஒவ்வொரு குச்சியா வெட்டுனாங்க. கருப்புக்குக் கீழ, பச்சையில வெட்டணும். வெட்டின வாய்க்குள்ள பாக்கணும். நடுவுல பழுப்பு இருந்தா இன்னும் கீழ. வெள்ளையா இருந்தா நிறுத்திறலாம். ஒரு வெட்டு, ஒரு துடைப்பு. ஒரு வெட்டு, ஒரு துடைப்பு. ஆவுடையம்மா வெட்ட, அண்ணாச்சி துடைச்சுத் துடைச்சுக் குடுத்தாரு. இதுல இன்னொரு கூத்து. முன்ன வெட்டின கருகின குச்சியெல்லாம் எருவாகட்டும்னு அவ அந்தந்தத் தொட்டிக்குள்ளயே போட்டு வச்சிருந்தா! "அட கடவுளே"ன்னு அண்ணாச்சி அம்புட்டையும் பொறுக்கி எடுத்துத் தீ வச்சாரு. உரக்கடையில நீலமா ஒரு செம்புப் பவுடர் குடுப்பாங்க, அதைக் கொழகொழன்னு குழைச்சு வெட்டுக்காயத்துக்கெல்லாம் மருதாணி மாதிரி அப்பி விட்டாங்க.

பொழைச்சுச்சா அத்தை?

எட்டு பொழைச்சுச்சு. மிச்சம் போச்சு. அந்த நெறம் மாறுற ரோஜா இருக்கே, அதுவும் போச்சு.

ம்...

மறுநாள் ஞாயித்துக்கிழமை. அண்ணாச்சியோட கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்கலாம்னு ரோட்டைத் தாண்டிப் போனா. காலையில ஒன்பது மணி. போனவ வாசல்லயே நின்னுட்டா. பெஞ்சு காலி. ரெண்டு நாற்காலியும் காலி. துண்டெல்லாம் மடிச்சு மடிச்சபடி இருக்கு. ரேடியோ மட்டும் பாடிட்டு இருக்கு.

"என்னண்ணாச்சி, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா, எங்க ஆளுங்க?"

அவரு கண்ணாடியத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு. "பூசணிக்கா உடைச்ச நாள்லேருந்து இப்பிடித்தான் மதினி. கண்ணு பட்டா ஆகாதுன்னு மேலத்தெரு சலூனுக்குப் போறாங்க. என் தங்கச்சி வீட்ல பிள்ளைக்குக் காதுகுத்து. என்னைய வரவேண்டாம்னுட்டாங்க."

பகீர்னுச்சு அவளுக்கு. செடியைப் பாத்தப்பகூட அப்பிடி ஆகல. இந்த மனுஷன்தானே நேத்து ஓடி வந்தாரு! கடை காலியா இருந்ததாலதான் தன்னைப் பாத்துருக்காருன்னு அப்பதான் அவளுக்கு உறைச்சுது. கிண்ணத்தைப் பெஞ்சுல வச்சுட்டு விடுவிடுன்னு வெளிய வந்தா.

வீடு வீடாப் போனா. "தப்பு என்மேல. என் கத்தரியாலதான் செடி செத்துது. அண்ணாச்சி மேல பழி போட்டுட்டேன்"னு சொன்னா. முதல் வீட்ல சிரிச்சாங்க. ரெண்டாவது வீட்ல "சரி சரி"ன்னு கதவைச் சாத்துனாங்க. மூணாவது பேச்சியம்மா வீடு. அவ என்ன சொன்னா தெரியுமா? "நீ சொல்ற, சரி. ஆனா எதுக்கு வம்பு? நாளைக்கே உன் மகன் கல்யாணத்துக்கு அவரை விடுவியா நீ?"

ஆவுடையம்மாவுக்குச் சுருக்குனுச்சு. மகனுக்கு ஆவணியில கல்யாணம் குறிச்சிருந்துச்சு. கல்யாண மாப்பிள்ளைக்குக் கண்ணு படக் கூடாதுன்னு எத்தனை பொத்திப் பொத்தி வைப்பாங்க! அவளுக்கே ஒரு நிமிசம் உள்ளுக்குள்ள பயம் வந்துச்சு. ஒரே பிள்ளையாச்சே. அந்தப் பயத்தை நெனச்சுத்தான் அவளுக்கு இன்னும் அதிர்ச்சி. இவ்வளவு தெரிஞ்ச பிறகும் பயமா இருக்கேன்னு.

ம்...

அப்புறம் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்துச்சு. வீடு நெறைய சொந்தக்காரங்க. ஆவுடையம்மா மகன் கையைப் பிடிச்சுக்கிட்டா. பிள்ள பேரு இசக்கிராஜா. ஆறடி இருப்பான். சின்னப் பிள்ளையக் கூட்டிட்டுப் போற மாதிரி, தெருவே பாக்க, ரோட்டைத் தாண்டிக் கூட்டிட்டுப் போனா. பேச்சியம்மா மாடியிலேருந்து, "ஏ ஆவுடை! என்ன பண்ற?"ன்னு அலறுனா. இவ திரும்பல.

"அண்ணாச்சி, என் பிள்ளைக்கு நீங்கதான் மாப்பிள்ளைச் சவரம் பண்ணி விடணும். ஒண்ணும் அவசரமில்ல, நல்லாப் பாத்துப் பண்ணுங்க"ன்னா.

அண்ணாச்சி அசந்துபோயி நின்னுட்டாரு. "மதினி, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"நல்லாப் பாத்துப் பண்ணுங்க"ன்னு அவ மறுபடியும் சொன்னா. சொல்லிட்டு, ஆம்பளைங்க மட்டுமே உக்காருற அந்தப் பெஞ்சுல போயி, சேலையை இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்துட்டா.

அண்ணாச்சி புதுத் துண்டு எடுத்தாரு. புது பிளேடு மாட்டுனாரு. நுரை போட்டாரு, சளக் சளக்குனு. நாப்பது வருசத்துல முதல் தடவையா அவரு கை நடுங்குச்சு. அப்போ இசக்கிராஜா கண்ணாடியில அவரைப் பாத்து, "மெதுவாப் பண்ணுங்க மாமா"ன்னான். நடுக்கம் நின்னுருச்சு. சர், சர், சர்... ஒரு கீறல் இல்ல.

அப்புறம் எல்லாரும் வந்துட்டாங்களா...

எல்லாரும் வரல தங்கம். கொஞ்சப் பேரு கடைசி வரைக்கும் மேலத்தெருவுக்குத்தான் போனாங்க. ஆனா அன்னைக்குச் சவரம் முடியுறதுக்குள்ள, கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு பெரியவரு தாடியத் தடவிக்கிட்டே உள்ள வந்தாரு. "ஏம்மா, கொஞ்சம் நகந்து உக்காரு"ன்னாரு.

ஆவுடையம்மா நகந்து உக்காந்தா.

ம் சத்தத்தைக் காணோமே... அசந்துட்டியா? சரி. சொன்ன வாய்க்கும் ஓய்வு, கேட்ட காதுக்கும் ஓய்வு. தூங்கு.