பூ விழாத உச்சிவேளை

நொய்யல் கரையில் உள்ள செல்லாண்டியம்மன் கோயிலில் பிரகாரம் பெருக்கி வந்தவர் பொன்னாத்தாள் அம்மையார். குப்பையை அள்ளியதும் சன்னதிக்கு எட்ட நின்று, "ஆத்தா, மயிலாவப் பாத்துக்க" என்பார். வேறு எதுவும் கேட்டதில்லை.

மகள் மயிலாத்தாள் முதுகெலும்பு மூடாமல் பிறந்தவள். இடுப்புக்குக் கீழே சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. வளர வளர முதுகு கூன் விழுந்து நெஞ்சை நெருக்கியது. மூச்சில் ஒரு சீட்டியொலி குடியேறியது.

"வளைஞ்ச எலும்பை வெட்டிக் கம்பி வெச்சு நிமிர்த்தணும். தள்ளிப்போட்டா மூச்சே நின்னுடும்" என்று டாக்டர் இளங்குமரன் நாள் குறித்தார்.

அதற்கு முதல் நாள் அம்மையார் மகளோடு கோயிலுக்குப் போய் அம்மனிடம் பூவாக்குக் கேட்டார். பூசாரி அம்மன் தலையில் பூ வைத்தார். அது விழுந்தால் உத்தரவு. உச்சிவேளை வரை விழவில்லை.

பதைத்துப்போன அம்மையார் மகளை வெயில் காய்ந்த கல்தரையில் உட்கார வைத்துவிட்டு, அடிமேல் அடிவைத்துப் பிரகாரம் சுற்றினார். தம் கால் சுட்டதை நினைக்கவில்லை. அழாத மகளுக்கும் சுடும் என்று தோன்றவில்லை. தூக்கியபோது சிறுமியின் தொடையில் தோல் கொப்பளித்து உரிந்திருந்தது. அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புண்ணோட கத்தி வெச்சா சீழ் கம்பி வரைக்கும் போயிரும்" என்று டாக்டர் திருப்பி அனுப்பினார்.

பூக்கடைக் கருப்பாயி சும்மா இருப்பாளா? "வருசம் பூராப் பெருக்குனியே பொன்னாத்தா, உங்க ஆத்தா கூலி குடுத்துட்டா பாத்தியா? வேண்டாம்னு சுட்டே போட்டா!"

"வேண்டாம்னு சொல்லலீங்க்கா. இப்போதைக்கு வேண்டாங்கறா."

புண் ஆறுவதற்குள் சீட்டியொலி இழுப்பாக மாறியது. மனம் கேளாத கருப்பாயி, சிறுமிக்கு ஒரு பலூன் வாங்கித் தந்தாள். ஊதிய உதடு வீங்கியது. கண் இடுங்கியது. மூச்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டு உயிரை இழுத்துப் பிடித்தார்கள்.

டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. "ரப்பர் இவளுக்கு விஷம்மா. முதுகெலும்பு மூடாம பொறந்த கொழந்தைங்க சிலருக்கு அப்படி உண்டு. நான் முன்னாடியே விசாரிச்சிருக்கணும். அன்னிக்கு முதுகைத் திறந்திருந்தா என் ரப்பர் கையுறையே கொன்னிருக்கும்."

அம்மையார் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, கோயில் இருந்த திசையைக் கும்பிட்டார்.

புண் ஆறியதும் ரப்பர் இல்லாமல் ஆபரேஷன் நடந்தது. ரத்தம் வேண்டும் என்று ஓடிவந்தார்கள், மறுபடியும் ஓடிவந்தார்கள். கதவு மூடியே கிடந்தது. அம்மையாரின் உதடுகள் மட்டும் அசைந்தன.

மயிலாத்தாளின் கால்கள் இன்றும் நடப்பதில்லை. ஆனால் அவளை நிமிர்த்தி உட்கார வைத்த அன்று கண்ணை அகல விரித்தாள். "அம்மா, மூச்சு முழுசா உள்ள போகுது!"

செய்தி கேட்ட பூசாரி, அம்மன் கழுத்து மாலையைக் கழற்றி, பெருக்கியவரைச் சன்னதிக்கு அழைத்து அணிவித்தார். சுட்ட அம்மனின் கையையும் விடாமல் பற்றியிருந்த பொன்னாத்தாள் அம்மையாரின் அன்பு வாழ்க!