யார் போட்ட உப்பு

மடத்து அடுக்களையில் கோமதிநாயகம் இருபது வருடமாகத் தனியாளாகச் சமைத்து வந்தார். கூட்டம் பெருகியதால் போன மாதம் சங்குமணியையும் சேர்த்தார்கள். அன்று பிடித்தது சனியன். ஒரு நாள் பொங்கல் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். மறுநாள் உப்பே இருக்காது. பசியோடு வந்த சனங்கள் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள்.

"அவன்தான் கெடுக்கான் சாமி" என்று மடத்துக் குருவிடம் ஒருவரையொருவர் கை காட்டினார்கள். பிறகு முகம் பார்ப்பதும் நின்றுபோனது.

சீடர் பூதலிங்கம் குருவைவிட இருபது வயது மூத்தவர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். விடுவாரா? மூன்று நாள் விசாரித்தார். கோமதிநாயகம் கோர்வையாகப் பேசினார். சங்குமணிக்கு அழுகைதான் வந்தது. அதோடு பூதலிங்கத்துக்குச் சந்தேகம் தீர்ந்தது.

"சங்குமணியை அனுப்பிரலாம் சாமி."

"அவருக்குப் போக்கிடம் உண்டா?"

"இல்ல சாமி. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. என்ன செய்ய?"

"நாளைக்கு அடுக்களைக்குப் போவோம் ஐயா."

கடவுளுக்குப் படைக்குமுன் அங்கே யாரும் ருசி பார்க்கக் கூடாது. எச்சில் தெறிக்காமலிருக்க வாயில் துணி கட்டுவார்கள், பேச்சும் கிடையாது. குருவும் சீடரும் துணி கட்டிக்கொண்டு மூலையில் நின்றார்கள்.

உலை கொதித்தது. கோமதிநாயகம் ஒரு கை உப்பு போட்டுவிட்டு விறகெடுக்கப் போனார். சங்குமணி வந்து பானையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். மனுஷன் மறந்துவிட்டாரோ என்ற கவலை அவர் கண்ணில் தெரிந்தது. அவரும் ஒரு கை போட்டார்.

பூதலிங்கம் குருவைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றும் பொங்கல் கரித்தது. குரு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு இருவரையும் கூப்பிட்டார்.

"இவர் மறந்திருப்பார்னு அவரும் போட்டா கரிக்குது. இவர் போட்டிருப்பார்னு அவரும் விட்டா சப்புன்னு போகுது. இனிமே அன்னன்னைக்கு வேண்டிய உப்பை பூதலிங்கம் ஐயா ஒரு தேங்காச் சிரட்டையில அளந்து வைப்பாங்க. சிரட்டை காலின்னா உப்பு விழுந்தாச்சு."

மறுநாள் பொங்கல் பொங்கலாக இருந்தது. கோமதிநாயகமே சங்குமணிக்கு இலை போட்டுப் பரிமாறினார்.

பூதலிங்கம் குருவின் முன் கூசிப்போய் நின்றார்.

"நல்லவேளை சாமி. அவரை அனுப்பியிருந்தா ரெண்டே நாள்ல என் தப்பு வெளிய வந்திருக்கும்."

"வந்திருக்காது ஐயா," என்றார் குரு. "ஒத்தை ஆள் சமைச்சா உப்பு சரியாத்தான் விழும். சங்குமணிதான் கெடுத்தார்னு நாம சாகுற வரைக்கும் நம்பியிருப்போம். சங்குமணியும் நம்பியிருப்பார்."