கைக்குட்டை போட்ட நாற்காலி

கணக்குப் பேராசிரியர் நாச்சியப்பன் ஐம்பது வயதுக்கு மேல் சிஷ்யரானார். குருவான மெஹர்பானு, ஒரு காலத்தில் அவருடைய வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்தவள். மதுரையில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு மென்பொருள் எழுதும் அந்த அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

நாச்சியப்பனுக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. அவர் மனைவி மீனாளை, தீவிர சிகிச்சைப் படுக்கை காலி என்று சொன்ன மருத்துவமனைக்குத்தான் ஆம்புலன்ஸில் கொண்டுபோனார். போய்ச் சேர்ந்தபோது அந்தப் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். அடுத்த மருத்துவமனைக்குப் போகும் வழியில் மீனாள் போய்விட்டாள். முகம் தெரியாத அந்த ஆளை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. இனி யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது என்றுதான் கல்லூரியை விட்டுவிட்டு புரோகிராம் எழுத வந்தார்.

அவர் எழுதிய புரோகிராம் மறுநாள் காலை ஓடத் தொடங்க வேண்டும். அது ஒரு மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்ற எண்ணைப் படிக்கும், ஒன்றைக் கழிக்கும், புது எண்ணை எழுதும், ஆம்புலன்ஸை அனுப்பும். அவ்வளவுதான்.

மெஹர்பானு அதைப் பார்த்துவிட்டு, இதை ஓடவிட வேண்டாம் என்றாள். கழித்தலில் என்ன தப்பு என்று நாச்சியப்பன் கோபமாகவே கேட்டார்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து அறை நடுவில் போட்டாள்.

“சார், இது காலியா?”

“காலிதான்.”

“அப்ப அந்தப் போர்டுல உங்க பேரை எழுதிட்டு வந்து உக்காருங்க.”

நாச்சியப்பன் அறைக் கோடியிலிருந்த போர்டில் பெயரை எழுதினார். எழுத்து நேராக இருக்கிறதா என்று போர்டையே பார்த்தபடி பின்னால் நடந்து வந்தார். முப்பது வருட வகுப்பறைப் பழக்கம் லேசில் போகாது. திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்தார்.

உட்கார்ந்தது இருதயராஜின் மடியில். பக்கத்து மேசைக்காரரான இருதயராஜ், மெஹர்பானு கண்ணைக் காட்டியதும், எதிர்ச் சுவரிலிருந்த போர்டில் தன் பெயரை எழுதிவிட்டு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அலுவலகமே சிரித்தது.

நாச்சியப்பன் பதறி எழுந்தார். தான் பார்க்கும்போது காலியாகத்தானே இருந்தது என்றார். தான் பார்க்கும்போதும் காலிதான் என்றார் இருதயராஜ்.

அதற்குப் பிறகுதான் நாச்சியப்பனுக்கு உறைத்தது. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்துச் சிரிப்பு நின்றது.

“ரெண்டு அழைப்பு ஒரே நேரத்துல அந்த எண்ணைப் படிச்சா, என் புரோகிராம் ஒரே படுக்கைக்கு ரெண்டு ஆம்புலன்ஸ் அனுப்புமா?”

“அனுப்பும், சார்.”

மீனாளுக்கு நடந்ததைத் தன் கையாலேயே திரும்ப எழுதி வைத்திருக்கிறார்.

சட்டென்று பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பஸ் ஜன்னல் வழியாக இடம் பிடிப்பவர் மாதிரி நாற்காலியில் போட்டார். லாக் போட்டுவிடலாம், ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர்கள் தொடக் கூடாது என்றார். மெஹர்பானு சரி என்பதுபோல் தலையாட்டினாள்.

அவர் மறுபடி பெயர் எழுதப் போர்டுக்குப் போவதற்குள் போன் அடித்தது. மகள். பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். பேச்சு நீண்டுவிட்டது.

திரும்பி வந்தபோது நாற்காலியைச் சுற்றி இருதயராஜும் மற்றவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். வாட்ச்மேன்கூட வந்து நின்றார். யாரும் உட்காரவில்லை.

“காலியாத்தானே இருக்கு. ஏன் நிக்கிறீங்க?”

“உங்க கைக்குட்டை இருக்கே, சார்” என்றாள் மெஹர்பானு. “இவங்க எல்லாருமே ஆம்புலன்ஸ்.”

நாச்சியப்பன் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். லாக் போட்டவர் நடுவில் எங்காவது சிக்கிக்கொண்டால் மற்ற எல்லோரும் நிற்க வேண்டியதுதான். படுக்கை காலியாக இருக்கும்போதே வாசலில் உயிர் போகவும் வழி செய்யப் பார்த்திருக்கிறார்.

மெஹர்பானு கைக்குட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். பிறகு, லாக் இல்லாமலே எண்ணைப் பத்திரமாக மாற்ற உதவும் ‘அட்டாமிக் மாறி’யைப் பற்றிச் சொன்னாள். எண்ணை வெறுமனே எழுதக் கூடாது. நான் பார்த்த எண்ணே இன்னும் இருந்தால் மட்டும் இதை எழுது என்று சொல்ல வேண்டும். சரிபார்ப்பதும் எழுதுவதும் ஒரே செயல், நடுவில் ஒருவரும் நுழைய முடியாது. எண் மாறியிருந்தால் எழுதாது, திரும்பப் போய்ப் புதிதாகப் பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸ் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துவிடும். யாரும் யாருக்காகவும் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

அன்று மாலைக்குள் நாச்சியப்பன் மாற்றி எழுதினார். ஒரே நேரத்தில் ஏகப்பட்ட அழைப்புகளை விட்டுச் சோதித்தார்கள். ஒரு படுக்கைக்கு ஓர் ஆம்புலன்ஸ்தான் போனது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

“ஒவ்வொரு தடவையும் வேற யாராவது முந்திக்கிட்டா? நான் தோத்துக்கிட்டே இருந்தா?”

“அப்படியும் ஆகலாம், சார்.”

“அப்ப லாக்குக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?”

“லாக்குல நீங்க நிக்கும்போது உள்ள யாருமே இல்லாமலும் இருக்கலாம். இதுல நீங்க தோத்தா, யாரோ ஒருத்தருக்குப் படுக்கை கிடைச்சிருக்கு.”

இத்தனை வருடத்தில் ஒருநாளும் தோன்றாத கேள்வி ஒன்று நாச்சியப்பனுக்கு வந்தது. வந்ததை நினைத்து அவருக்கே திகைப்பாக இருந்தது.

“அன்னைக்கு அந்தப் படுக்கையில இருந்த ஆளு... பொழைச்சிருப்பாரா?”

“தெரியாது, சார்” என்றாள் மெஹர்பானு. “அவருகிட்டயும் காலின்னுதான் சொல்லியிருப்பாங்க.”