கழுத்தில் கிடந்த கார்ச் சாவி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளை முதல் என் காப்பியில் சர்க்கரையே போட வேண்டாம். எல்லாம் நடந்தது. நடந்த ஊர் ஓணாங்குளம்.

அந்த ஊர் மருதையனுக்கு நாற்பதை நெருங்குகிற வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. பெண்ணைப் பெற்றவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மூத்தவளுக்கு வந்த மாப்பிள்ளை டிராக்டர்ல வந்தான். ஊரே சிரிச்சுது. இவர் முகூர்த்தத்துக்கு முன்னால கார்ல வந்து இறங்கணும். இல்லேன்னா பொண்ணு இல்ல."

மருதையன் ஓடிப்போய் ஒரு பழைய கார் வாங்கினான். விற்றவர் இரண்டு சாவி கொடுத்தார். "ஒண்ணு ஓட்டுறதுக்கு. இன்னொண்ணைப் பத்திரமா வச்சுக்குங்க தம்பி."

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் மருதையன். இரண்டாவது சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டி, தானே நினைத்தாலும் அவிழ்க்க முடியாதபடி முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தாய்மாமன் சுடலைக்கண்ணு காரைக் குளத்தங்கரையில் நிறுத்திக் கழுவினார். கார் பளபளவென்று ஆனதும், சாவி மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதையும் தண்ணீரில் அலசினார். ஓட்டுகிற சாவி குளத்தோடு போயிற்று.

மூன்று பேர் காரைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"மருமவனே, ஓங் கழுத்துல ஒரு சாவி கெடக்கே. அதை வச்சு ஓட்டுனா என்ன?" என்றார் சுடலைக்கண்ணு.

மருதையன் வெகுநேரம் யோசித்தான். "ஓட்டுனா அது ஓட்டுற சாவி ஆயிரும் மாமா. பெறவு பத்திரமா வைக்க என்ன இருக்கு?"

"அதுவும் சரிதான்."

"நல்லவேளை அண்ணே, அவசரப்பட்டு ஓட்டியிருப்போம்," என்று பெருமூச்சு விட்டான் பங்காளி பூலோகம்.

டவுனில் சாவிக்கடை தாவூதுக்குப் போன் போட்டார்கள். "காரையும் கொண்டாங்க, இருக்கிற சாவியையும் கொண்டாங்க," என்றார் அவர். "காருக்குள்ள சின்னதா ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுக்குப் புதுச் சாவியை அடையாளம் காட்டணும். இல்லேன்னா கார் ஏத்துக்காது."

ஸ்டியரிங் பூட்டு கெட்டு வெகுநாளாகியிருந்தது வசதியாகப் போயிற்று. நலங்கு வைத்த மாப்பிள்ளை வெயிலில் நடக்கக் கூடாது என்று மருதையனை உள்ளே உட்காரவைத்து, சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து டவுன்வரை காரைத் தள்ளியது.

"சாவியைக் கழட்டுங்க," என்றார் தாவூது.

"கழட்டுனா பத்திரமா இருக்காதே."

வேறு வழியில்லை. மருதையனை முன்சீட்டில் குறுக்கே படுக்கவைத்து, கழுத்துக் கயிற்றோடேயே சாவியைச் செருகித் திருப்பினார்கள். தாவூது லேப்டாப்பை மாட்டினார். சுடலைக்கண்ணு புதுச் சாவிக்குக் குங்குமம் வைத்து, பானெட் பக்கம் குனிந்து, "இது நம்ம வீட்டுப் பிள்ளைதான், வித்தியாசமா நினைச்சுக்காதே," என்றார். விளக்குகள் சிமிட்டின. கார் உறுமியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே ரெண்டு சாவியும் எடுக்கும்," என்று எஞ்சினை நிறுத்தி, புதுச் சாவியைக் கையில் கொடுத்தார் தாவூது. "இதையும் தொலைச்சிராதீங்க."

மருதையன் அதையும் அதே கயிற்றில் சேர்த்து முடிந்தான். எல்லோரும் காருக்குப் பின்னால் போய்க் கைவைத்தார்கள்.

"ஏங்க, ஓட்டிட்டுப் போங்க!"

"ஓட்டப் போயித்தானே முந்தினது தொலைஞ்சுது," என்றான் பூலோகம்.

தாவூது அன்றைக்குச் சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டார்.

மறுநாள் விடியும் முன்பே பெண் வீட்டைப் பார்த்துத் தள்ள ஆரம்பித்தார்கள். மேட்டில் ஏறும்போது முகூர்த்தம் தவறிவிடக் கூடாது என்று மருதையன் கழுத்துச் சாவிகளைக் கும்பிட்டுக்கொண்டான். நாயனக்காரர் மூச்சுப் பிடித்துக் கொஞ்சம் இழுத்து வாசித்ததால் கடைசி நிமிடத்தில் போய் இறங்கினான். மாமனார் பார்த்தார். கார்தான். மாப்பிள்ளையும் உள்ளேயிருந்துதான் இறங்கினார். மாலையைப் போட்டு உள்ளே அழைத்துப் போனார்.

தாலி கட்டியாயிற்று. பெண்ணைக் காரில் ஏற்றும்போது மாமனார் மகளிடம் தழுதழுத்தார். "மாப்பிள்ளையைப் பத்திரமா வச்சுக்கம்மா."

பெண் பெயர் செண்பகவடிவு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, "சாவி எங்க?" என்றாள்.

மருதையன் கழுத்தைக் காட்டினான்.

"கழட்டுங்க."

"பத்திரமா..."

அவள் கயிற்றைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து இழுத்து, செருகி, திருப்பினாள். கார் பாய்ந்தது. பின்னால் தள்ளிக்கொண்டிருந்த சொந்தபந்தம் மொத்தமும் குப்புற விழுந்தது.

சுடலைக்கண்ணு மண்ணைத் துப்பிவிட்டு எழுந்தார். "பாத்தியாலே பூலோகம். ரெண்டு நாளா தள்ளுனதுல காருக்கு வழி பழகிட்டு."

அன்று முதல் அந்தக் கார் ஓணாங்குளத்துக்கும் டவுனுக்கும் நன்றாகவே ஓடுகிறது. பார்க்கிறவர்களுக்குச் செண்பகவடிவு மட்டும்தான் தெரிவாள். "வீட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டால், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வாள்:

"பத்திரமா இருக்காரு."

கீழேயிருந்து, "ஆமா," என்று ஒரு குரல் வரும்.

இதை நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். செண்பகவடிவு இந்தத் தெரு வழியாகத்தான் வண்டியைத் திருப்புகிறாள்.