துண்டு போட்ட சீட்டு

தாசில்தார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கறுப்புக் கோட்டு மாட்டியவர் சங்கரபாண்டியன். அவருக்கு சீனியர், மகள் வயதுள்ள வக்கீல் உலகம்மாள். அதையாவது அவர் பொறுத்துக்கொண்டார். பட்டாவை யாராவது குறைத்துப் பேசினால்தான் பொறுக்காது.

மறுநாள் மதுரை ஐகோர்ட்டில் இரண்டாவது மேல்முறையீடு. அவர்கள் கட்சிக்காரர் செண்பகவல்லியின் மாமனார் கிரயம் வாங்கிக் கட்டிய வீடு. பட்டா மட்டும் எப்படியோ பக்கத்து வீட்டுக்காரர் பேருக்கு மாறியிருந்தது. அதைக் காட்டியே அவர் கீழ்க்கோர்ட்டுகளில் ஜெயித்துவிட்டார். இங்கேயும் தோற்றால் செண்பகவல்லி பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் சங்கரபாண்டியன் கேட்டேவிட்டார்.

“பட்டா உரிமைக்குச் சான்றுன்னு சட்டமே சொல்லுதே மேடம். அதுக்கு மேல ஐகோர்ட் என்னத்தப் படிக்கப் போகுது?”

“முதல் பார்வைக்குச் சான்றுன்னு சொல்லுது சார்.”

“எதுவா இருந்தா என்ன, சான்று சான்றுதானே?”

அதற்குள் கோவில்பட்டியிலிருந்து மதுரை பஸ் வந்து நின்றது. சங்கரபாண்டியன் கூட்டத்தை முந்தி ஓடி, காலியாகத் தெரிந்த ஜன்னலோரச் சீட்டில் துண்டைப் போட்டார். முண்டியடித்து ஏறிப் பார்த்தால், அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். துண்டு மடித்து அவள் மடியில் இருந்தது.

“எந்திரிம்மா. துண்டு போட்டது தெரியலையா?”

“இது என் சீட்டுய்யா.”

“நீங்களே சொல்லுங்க மேடம்!”

பின்னால் ஏறி வந்த உலகம்மாள் துண்டைப் பார்த்தார்.

“முதல் பார்வைக்கு சீட்டு உங்களுதுதான் சார்.”

சங்கரபாண்டியனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. உலகம்மாள் அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்கம்மா.”

“கோவில்பட்டியிலயே ஏறி உக்காந்தவ நான். டீ வாங்க இப்பத்தான் எந்திரிச்சு வாசப்படிக்குப் போனேன். என் பை சீட்டுக்கு அடியில கெடக்கு.”

“பாருங்க சார்.”

சங்கரபாண்டியன் முனகிக்கொண்டே தொந்தியோடு குனிந்தார். அடியில் ஒரு மஞ்சள் பை கிடந்தது. கைப்பிடியைச் சீட்டின் காலோடு முடிச்சுப் போட்டிருந்தாள்.

துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார். பஸ் விருதுநகரைத் தாண்டியது. எத்தனை பட்டாவில் கையெழுத்துப் போட்டிருப்பார்!

“மேடம், நாளைக்கு ஜட்ஜ் அய்யாகிட்ட என்ன கேக்கப் போறோம்?”

“குனிஞ்சு பாக்கச் சொல்லிக் கேப்போம் சார்.”